வட்டம் போட்ட வீடுகள்

உளுந்தை ஒன்பது மணிக்கு ஊறப்போட்டேன், பன்னிரண்டுக்குள் கிரைண்டரில் விழுந்தாக வேண்டும், இப்போது மணி என்ன என்று இந்த அறையில் எங்கேயும் தெரியவில்லை, கடிகாரமே இல்லாத வகுப்பு. ஏசிக் குளிர் முழங்காலில் ஏறுகிறது. சஷ்டிகா மடியில் உட்கார்ந்து பிஸ்கட்டை நக்கி நக்கி என் புடவையில் ஒட்டுகிறாள், இது நான் நாலாவது தடவையாகக் கட்டுகிற புடவை, காலையில் பம்பு கம்பெனிக்கு ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அவள் அப்பாவே இஸ்திரி போட்டுக் கொடுத்தார், "உன்னையப் பத்தி காலேஜ்ல பேசறாங்க, நீ என்னடான்னா கசங்குன சீலையோட கெளம்பற" என்று சிரித்துக்கொண்டு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டேன். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், நாற்பது பேரும் காலில் செருப்பும் ஷூவுமாக இருக்கிறார்கள், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என் ரப்பர் செருப்பு மட்டும் ஜோடியாக, கோயிலுக்கு வந்தவள் மாதிரி. போய் மாட்டிக்கொண்டு வரலாம், ஆனால் எழுந்தால் பார்ப்பார்கள். நாற்காலிகள் படிக்கட்டு மாதிரி மேலே மேலே போகின்றன, கடைசிப் படியில் என்னை உட்கார வைத்துவிட்டு மிருதுளா கீழே மேடைக்குப் போய்விட்டாள், கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறாள், என் சமையலறையில் நைட்டியோடு உட்கார்ந்து உளுந்து வடிகிற சத்தத்துக்கு ஊடே கதை கேட்கிற மிருதுளா கோட்டுக்குள் எப்படியோ சின்னதாகத் தெரிகிறாள். அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்க என் சமையலறை. என் கிரைண்டர், என் அலுமினிய அண்டா, கதவுக்குப் பின்னால் தொங்குகிற என் அழுக்குத் துண்டு. துண்டு அவ்வளவு பெரிதாக, நாலு ஆள் போர்த்திக்கொள்கிற அளவுக்கு. போட்டோ எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அதை எடுத்து உள்ளே போட்டிருப்பேனே, கண்ணு.

அவர்கள் இங்கிலீஷில் பேசுகிறார்கள். முன் வரிசையில் இருக்கிற சார், இவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர், தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார், "அக்கா வந்திருக்காங்க, ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் ரெண்டு வரி தமிழ்லயும் சொல்லுங்க, அவங்களைப் பத்தித்தானே பேசறோம்" என்று. நல்ல மனுஷர். அவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஒருவர், யாரோ தெரியவில்லை, அவரும் சாராக இருக்கலாம். மிருதுளா தமிழில் சொல்கிறாள், "இவங்க கோகிலவாணி. அறுபத்தி நாலு வீட்டுக்குத் தினமும் மாவு கொடுக்கறாங்க. ஆள் கிடையாது, கடை கிடையாது, போர்டு கூடக் கிடையாது." எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் சஷ்டிகாவின் உச்சந்தலையில் மூக்கை வைத்துக்கொள்கிறேன், தேங்காயெண்ணெய் வாசம், இதற்குள் ஒளிந்துகொள்ள முடிந்தால். ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அறுபத்து நாலு என்று ஒரு காலேஜில் சொல்கிறார்கள். எங்கள் காம்பவுண்டில் மேல் ரூமுக்கு மிருதுளாவும் இன்னும் இரண்டு பெண்களும் குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, எம்.பி.ஏ., அதில் இவளுக்கு ஸ்ட்ராட்டஜி என்று ஒரு பேப்பர், எங்கேயாவது ஒரு தொழிலைப் பார்த்து எழுத வேண்டுமாம். "பெரிய கம்பெனியெல்லாம் எல்லாரும் எழுதறாங்கக்கா, நான் உங்களை எழுதறேன்" என்றாள். ஸ்ட்ராட்டஜி என்றால் என்ன கண்ணு என்று கேட்டேன். "பெருசா ஒண்ணுமில்லக்கா. எதைச் செய்ய மாட்டேன்னு முடிவு பண்ணி வெச்சிருக்கீங்களோ, அதுதான்." நான் யோசித்துப் பார்த்துவிட்டு, நான் எந்த வீட்டிலும் பெல் அடிக்க மாட்டேன், கேட்டில் பையை மாட்டிவிட்டு வந்துவிடுவேன், அதுவா என்றேன். அவள் சிரித்துச் சிரித்து மாவுக் கையைப் பிடித்துக்கொண்டாள், "அதேதான்க்கா, அதான் ஸ்ட்ராட்டஜி." அன்றைக்கு முழுக்க எனக்கு அது ஒரு நகை மாதிரி இருந்தது. கூச்சத்தால் செய்யாமல் விட்ட ஒன்றுக்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறதா என்று.

அடுத்த பக்கம். இரண்டு கட்டம், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. எட்டாவது வரைக்கும் படித்தவள்தான், எழுத்துக் கூட்டினால் வரும், ஆனால் கூட்டி முடிப்பதற்குள் மிருதுளாவே சொல்லிவிட்டாள், பச்சை பலம், சிவப்பு பலவீனம். பச்சையில் கை ருசி, நேரம் தவறாமை. சிவப்பில், "கூச்ச சுபாவம். படிப்பு குறைவு. கஸ்டமர் வீட்டுல பெல் அடிக்கக் கூட மாட்டாங்க." பெல் சிவப்பில் இருக்கிறது. நான் பச்சையில்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒருவேளை மாற்றிப் போட்டுவிட்டாளோ, கூட இருக்கிற பையன் யாராவது மாற்றியிருப்பானோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை, கையில் இருக்கிற சின்னப் பொத்தானை அமுக்கிக்கொண்டே இன்னும் ஒரு வரி சொன்னாள். "எட்டாவதுல வாய்விட்டு வாசிக்கச் சொன்னாங்கன்னு ஸ்கூலையே விட்டுட்டாங்க." லேசாக ஒரு சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை, சின்னப் பிள்ளை விழுந்தால் சிரிப்பார்களே, அது. அதே சிரிப்புதான் அன்றைக்கும். சமூக அறிவியல் புத்தகம், மூன்றாவது பாடம், எழுந்து நின்றேன், எழுத்தெல்லாம் தெரிந்தது, மனதுக்குள் கடகடவென்று வாசித்துவிட்டேன், வாய் மட்டும் திறக்கவில்லை, டீச்சர் பிரம்பால் மேஜையைத் தட்டித் தட்டி, ம், ம், என்றார், ஐம்பது பேரும் திரும்பி, அப்போது பாவாடை நனைந்தது. அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அம்மாவிடம் வயிற்று வலி என்று சொன்னேன், அப்புறம் யாரும் கேட்கவில்லை. இதைச் சஷ்டிகாவின் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. பதிமூன்று வருஷம் கழித்து, ஒரு சாயங்காலம், உளுந்து கழுவிக்கொண்டே இவளிடம் சொன்னேன், அவள் என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள், ஈரம் பட்டது, அழுகிறாள் என்று நினைத்தேன். அழத்தான் செய்தாள். அழுதுவிட்டு மேலே போய் எழுதிக்கொண்டாள். இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்வது என்று எனக்குப் புரியவில்லை. பாவாடை நனைந்ததை மட்டும் சொல்லவில்லை, விட்டுவிட்டாள், அதற்காக நன்றி சொல்ல வேண்டுமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அப்படித் தோன்றியதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

உளுந்து. பதினொன்றரை இருக்குமா. அதிகமாக ஊறினால் மாவு பொங்காது, நாளைக்கு அறுபத்து நாலு வீட்டில் இட்லி கல்லு மாதிரி. சஷ்டிகா, "அம்மா, நம்ம காலண்டர்" என்று விரலை நீட்டினாள். ஆமாம், நம்ம காலண்டர். சுவரில் இப்போது என் தாள். தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தைக் கோந்து வைத்து ஒட்டி, கதவுக்குப் பின்னால் மாட்டியிருப்பேன், அதில் வீடுகள். கதவு எண் எனக்குத் தெரியாது, நானே வைத்த பெயர்கள், பச்சை கேட், நாய் வீடு, டீச்சர் வீடு, அயர்ன் கடை. புளிப்புக் கேட்கிற வீட்டுக்கு ஒரு புள்ளி, புளிக்காமல் கேட்கிற வீட்டுக்கு ஒரு கோடு, கைக்குழந்தை இருக்கிற வீடு பெரும்பாலும் கோடு. தீபாவளி, பொங்கலுக்கு இரண்டு பங்கு வாங்கிய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு 2. சில வீட்டுக்கு வட்டம். "உங்ககிட்ட இருக்கறதுல, வேற யாரும் பார்த்துச் செய்ய முடியாதது என்னக்கா?" என்று முந்தாநாள் கேட்டாள், இதோ என்று கதவைத் திருப்பிக் காட்டிய மடச்சி நான்தான். யாரும் பறிக்கவில்லை. நானே திருப்பினேன். புள்ளி சொன்னேன், கோடு சொன்னேன். "வட்டம்?" என்றாள். அது சும்மா கண்ணு, அப்புறம் சொல்றேன் என்றேன். ஒரு போட்டோ எடுத்துக்கவாக்கா என்றாள். எடுத்துக்கோ என்றேன். வட்டத்தை ஏன் சொல்லவில்லை என்றால் அவள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது. சாவு விழுந்த வீடு அது. எங்கள் வீதியில் சாவு விழுந்தால் காரியம் முடிகிற வரைக்கும் அடுப்பில் தோசைக்கல் ஏறாது. அந்த வீட்டு கேட்டில் மாவுப் பையை மாட்டினால், நீங்கள் அழுதது போதும், சுட்டுச் சாப்பிடுங்கள் என்று சொல்கிற மாதிரி. மாட்ட மாட்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லியனுப்ப வேண்டியதில்லை. காரியம் முடிந்த மறுநாள் விடியலில், கேட்டுக்கு உள்பக்கம், ஒரு தூக்குப்போசியில் மாவு வைத்துவிட்டு வந்துவிடுவேன், அது விலைக்கு இல்லை. அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டில் பண்டிகை கிடையாது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மற்ற வீடெல்லாம் இரண்டு பங்கு கேட்கும்போது அவர்களிடம் கேட்கவே கூடாது, மறந்துபோய்க் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் வட்டம். வருஷம் திரும்பினால் அழித்துவிடுவேன். இப்போது பதினோரு வட்டம். போன ஐப்பசியில் மேல் ரூமுக்கும் போட்டேன். மிருதுளாவின் அப்பா, திருச்சியில், நாற்பத்தொன்பது வயசு, பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே சரிந்துவிட்டாராம். காரியம் முடிந்து ஒற்றைப் பையோடு அவள் வந்து இறங்கின மறுநாள் காலையில் கதவுக்கு வெளியே போசியை வைத்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கீழே இறங்கி வந்தாள். காலிப் போசியைக் கழுவிக் கொண்டுவந்து நீட்டினாள், "யாருக்கா வெச்சது" என்றாள். தெரியவில்லையே என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்படித்தான் ஆரம்பித்தது.

இப்போது படம். எங்கள் வீதிகள், மேலேயிருந்து பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு வீட்டின் மேலும் சிவப்புப் பொட்டு. நான் அந்த வீதிகளில் நடந்திருக்கிறேனே தவிர மேலேயிருந்து பார்த்ததில்லை, அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கிறது. போன மாசம் ஒரு விடியலில் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு என் கூடவே நடந்து வந்தாளே, இதற்குத்தானா. வெள்ளைச் சட்டைக்காரர் இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மிருதுளா அவரைப் பார்த்து, என்னைப் பார்க்காமல், தமிழில் சொன்னாள், "சாரோட கம்பெனி பாக்கெட் மாவு நம்ம ஏரியாவுக்கு அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வருது. புதுசா சர்வே பண்ண வேண்டியதில்லை. அக்காவோட அறுபத்தி நாலு வீடு, யாருக்குப் புளிப்பு, யாருக்குப் புளிக்காதது, எல்லாம் ரெடியா இருக்கு." அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி, "அக்காவையே டெலிவரிக்குக் கமிஷன்ல எடுத்துக்கலாம்னு நாங்க சொல்றோம்." சரி. இந்த மனுஷர் சார் இல்லை. மாவு கம்பெனிக்காரர். இரண்டு வாரம் முன்னால், "வேலை கிடைக்கற மாதிரி இருக்குக்கா, பெரிய ஃபுட் கம்பெனி, நீங்க சாமி கும்பிட்டுக்கோங்க" என்றாளே, இதுதானா அது. கும்பிட்டேனே. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து, மிருதுளாவுக்கு அந்தக் கம்பெனி கிடைக்கட்டும் என்று பேர் சொல்லிக் கும்பிட்டேன். எனக்கு எதிராக நானே. எழுந்து போய்விடலாம். எழுந்தால் நாற்காலி மடங்கிச் சத்தம் போடும், சஷ்டிகா வரும்போதே அதை மடக்கி விளையாடினாள், டப் என்று ஒரு சத்தம். சத்தம் போட்டால் திரும்புவார்கள். அடிவயிறு கனக்கிறது, வேண்டாம், இப்போது வேண்டாம், தொடைகளை இறுக்கிக்கொள்கிறேன், இருபத்தாறு வயசு, ஒரு பிள்ளைக்குத் தாய். அறுபத்து நாலு வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை பேர் பாக்கெட்டுக்குப் போவார்கள், பளபளவென்று கவர், பெல் அடித்துக் கையில் கொடுப்பார்கள், சிரிப்பார்கள், எனக்குச் சிரிக்க வராது. சஷ்டிகாவின் அப்பாவிடம் சாயங்காலம் என்ன சொல்வேன். என்னம்மிணி, என்ன பேசுனாங்க என்று கேட்பார். நல்லாப் பேசுனாங்க என்பேன். எங்கே தப்பு நடந்தது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கிறேன், போட்டோவில் இருந்து கதவுக்கு, கதவில் இருந்து கேள்விக்கு, கேள்வியில் இருந்து தோளில் பட்ட ஈரத்துக்கு, கடைசியில் போசியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை வைத்ததா தப்பு. அங்கே வந்ததும் மனசு திரும்பி மறுபடி போட்டோவில் இருந்து தொடங்குகிறது.

கடைசிப் பக்கம் என்றாள். மறுபடியும் என் காலண்டர் தாள், இந்தத் தடவை வட்டங்களை மட்டும் மஞ்சளாக அடித்திருக்கிறார்கள். "இந்தப் பதினோரு வீட்டுல முக்காவாசி வீடு தீபாவளி, பொங்கல் ரெண்டுக்கும் அக்காகிட்ட எக்ஸ்ட்ரா மாவு வாங்கலை. அதாவது இவங்க அக்காவை விட்டு மெல்ல விலகிட்டிருக்காங்க. அதனால முதல் நாளே இந்த வீடுகளுக்குத்தான் போகணும். பெல் அடிச்சு, இலவச பாக்கெட், கூட ஒரு பலூன்." பலூன். டீச்சர் வீட்டில் டீச்சரின் வீட்டுக்காரர் போய் ஐந்து மாசம் ஆகிறது. நாய் வீட்டில் போனது பாட்டியம்மா, அந்த நாய்கூட ஒரு வாரம் சாப்பிடவில்லை. பச்சை கேட்டில் போன புதன்கிழமைதான், பையன், பத்தொன்பது வயசு, பைக், பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. ஒண்ணாந்தேதிக்கு அங்கே காரியம் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். அந்த அம்மா கதவைத் திறக்கும், வாசலில் ஒரு பையன், அவள் பையன் வயசே, கையில் பலூனோடு, காலை வணக்கம் மேடம் என்பான். தோசை மாவு இலவசம் என்பான். வட்டம் என்ன என்று சொன்னால், கையில் மிச்சமிருக்கிற ஒரே ஒன்றும் போய்விடும், அதையும் எழுதிக்கொள்வார்கள், சாவு வீட்டுக்குப் பதினேழாம் நாள் பாக்கெட் என்று ஒரு கட்டம் போட்டுப் பச்சையில் வைப்பார்கள். சொல்லாவிட்டால் அந்த அம்மா கதவைத் திறக்கும். அதோடு, இந்த வீட்டைக் காட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டால், அவன் சொல்லுவான், மாவுக்காரக் கோகிலாவோட தாள்லதாங்க இருக்கு. மிருதுளா கதை கேட்டு எழுதிக்கொண்ட மாதிரி, நானும் அவர்கள் சாவைக் கணக்கு எடுத்து வைத்திருந்தேன் என்றுதானே நினைப்பார்கள். அப்படி இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்.

"அக்கா, நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்றார் பாடம் எடுக்கிற சார். மைக் கைமாறிக் கைமாறிப் படியேறி வந்தது. சஷ்டிகா அதைப் பிடித்து ஊதினாள், கூடமே சிரித்தது. கம்பெனிக்காரர் திரும்பி, நயமாகத்தான் கேட்டார், "அந்தப் பதினோரு வீடும் ஏங்க உங்களை விட்டாங்க? சொன்னீங்கன்னா எங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்." வாய் திறக்கவில்லை. நாற்பது பேர். பிரம்பு மேஜையில் தட்டுகிறது, ம், ம். மனதுக்குள் கடகடவென்று வாசித்துவிட்டேன். அப்புறம் எங்கிருந்தோ கரகரவென்று என் குரல், நாலு பக்கத்துச் சுவரிலிருந்தும் வருகிறது, "அந்த வீடுகளுக்கு மட்டும் போவ வேண்டாங்க." உடனே சிரிப்பு, நடுவில் யாரோ ஒரு பையன், "அக்கா செம உஷாரு" என்றான். கம்பெனிக்காரரும் சிரித்துக்கொண்டே தன் தாளில் எதையோ அடிக்கோடிட்டார், "அங்கதான் வலிக்குது பாருங்க" என்றார் பக்கத்து சாரிடம். நான் உள்ளதைச் சொன்னாலும் அது ஸ்ட்ராட்டஜி ஆகிவிடுகிறது. மிருதுளாவும் சிரித்துக்கொண்டிருந்தாள், பெருமையாக, நான் நன்றாகப் பேசிவிட்டேன் என்பது மாதிரி. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் வயிற்றுக் கனம் எங்கேயோ போயிற்று. எழுந்தேன், நாற்காலி டப் என்றது. "மிருது, அந்த வட்டம் போட்டதை மட்டும் படி கண்ணு" என்றேன். "என்னக்கா?" "பேரைப் படி. வாய்விட்டு." அவள் சாரைப் பார்த்தாள், சார் படிக்கச் சொல்லித் தலையசைத்தார். சுவரைத் திரும்பிப் பார்த்து, என் கோணல் எழுத்தை விளையாட்டாக இழுத்து இழுத்துப் படித்தாள், "டீச்சர் வீடு. நாய் வீடு. அயர்ன் கடை." சில பேர் சிரித்தார்கள். "பச்சை கேட்." அங்கே கொஞ்சம் தயங்கினாள், பச்சை கேட் பந்தலைச் சுற்றிக்கொண்டுதான் இரண்டு பேரும் காலையில் பஸ்ஸுக்கு வந்தோம். அடுத்ததைப் படிக்க வாயைத் திறந்தாள். "மேல்" என்றாள். நின்றுவிட்டாள். "மேல் ரூம்" என்று முன் வரிசையில் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அவளால் முடியவில்லை. எழுத்தெல்லாம் தெரிகிறது, வாய்தான் திறக்கவில்லை, எனக்குத் தெரியும் அது. கோட்டுக்குள் தோள் இரண்டும் மேலேறின. "என்ன ஆச்சு, எந்த ரூம் அது?" என்று கம்பெனிக்காரர் கேட்டார். அவள் சொல்லுவாளா, மாட்டாளா என்று நான் நின்று பார்க்கவில்லை. வட்டம் என்ன என்று சொன்னால் அவளுக்கு வேலை உறுதி. மைக்கைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சஷ்டிகாவைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோர் பார்வைக்கும் நடுவே நடந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளி, என் செருப்பை மாட்டிக்கொண்டேன். தாழ்வாரத்தில் கடிகாரம் இருந்தது, பன்னிரண்டு தாண்டிவிட்டது, உளுந்து போனால் போகட்டும். பதினொன்றில் ஒரு வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, மீதி பத்து. சாயங்காலத்துக்குள் பத்து வீட்டிலும் பெல் அடிக்க வேண்டும். முதலில் பச்சை கேட். படியிறங்கும்போதே மெதுவாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், சஷ்டிகா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், "நான் மாவுக்காரக் கோகிலாங்க. பெல் அடிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. ஒண்ணாந்தேதி ஒரு பையன் பலூனோட வருவான், நான் அனுப்பலைங்க."